பலகை நழுவிய படம்

கமலம்மா உட்கார்ந்து வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. திருச்சானூர்க் கோயிலுக்குப் பின்தெருவில் உள்ள ஒரு விடுதியில் பதினொரு ஆண்டுகளாகப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவருடைய வேலை. அதையும் மொட்டை மாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்துகொண்டேதான் செய்வார். "காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்தியா?" என்று உடன் வேலை செய்யும் பெண்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். ஐம்பத்தேழு வயதான அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. புதிதாக யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்களுடைய கைகளைப் பார்ப்பார்.

மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, மகன் பவன்குமார் தன் ஷேர் ஆட்டோவை விடுதி வாசலில் நிறுத்திவிட்டு மாடிக்கு ஏறி வந்தான்.

"அம்மா, இத்தப் பாரு. நம்ம ஊரு குரூப்புல வந்துக்கீது."

கைபேசித் திரையில் ஒரு கறுப்பு வெள்ளை முகம். கழுத்துக்குக் கீழே யாரோ வெட்டியிருந்தார்கள். அடியில் தெலுங்கில் ஒரு வரி: சின்னப்பன், வெதுருகுப்பம், 1974. திருப்பதியில் ஒரு கலைக்கூடத்தில் பழைய போலீஸ் படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்களாம். பிடித்து வந்தவர்களைப் பலகையோடு நிறுத்தி எடுத்த படங்கள். ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம். குழுவில் அதற்குள் பதினேழு பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள். "கமலம்மா நைனா இப்ப ஹீரோ ஆயிட்டாரு" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"எவன் எழுதினான்னு தெரியும். நாளைக்கு ஸ்டாண்டுக்கு வருவான் இல்ல..." என்று பவன்குமார் பல்லைக் கடித்தான். "அத்த உடு. இது நம்ம தாத்தாவான்னு மொதல்ல சொல்லு."

கமலம்மா கைபேசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தள்ளிப் பிடித்தார். கிட்டத்தில் கொண்டுவந்தார். ஒன்றும் தோன்றவில்லை. பெற்ற தகப்பனின் முகத்தைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லையே என்பதுதான் அவரைக் கலக்கியது. மடித்த விரிப்பை உதறி மறுபடியும் மடித்தார்.

அவருடைய வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று கணவருடையது, மற்றது தாய் லட்சுமம்மாவுடையது. தாயின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருக்கிறது. சாவதற்கு முந்தைய ஆண்டு லட்சுமம்மாவே அடிக்கச் சொன்ன ஆணி அது. "அவருக்கு எடம் உடு" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் அமாவாசைப் படையலன்று அந்த ஆணியில் ஒரு துண்டை மடித்துத் தொங்கவிட்டு, அதற்கே பொட்டு வைத்து, அதன் முன் இலை போடுவார்கள். சின்னப்பனுக்குப் படம் இல்லை. இருந்தும், எங்கேயோ ஒன்று இருக்கிறது என்பது மகளுக்குத் தெரியும். "உங்க நைனாவ ஒருக்கா போட்டோ புடிச்சாங்க. நான் பாக்கல" என்று தாய் எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருந்தார். திருமணமான புதிதில் கமலம்மா சித்தூருக்குப் போய் மூன்று போட்டோக் கடைகளில் ஏறி இறங்கி, "சின்னப்பன்னு ஒருத்தரு, பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முன்ன" என்று விசாரித்தார். மூன்றாவது கடைக்காரர் சிரித்தே விட்டார். அது எந்த மாதிரிப் படமாக இருக்கும் என்பது வெகு காலம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது.

அவருக்குத் தகப்பனைப் பற்றி நினைவிருப்பது முகம் அல்ல, இடது கை. வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்பு ஆட்டும் இயந்திரத்துக்குள் கரும்பைத் தள்ளுவது சின்னப்பனின் கூலி வேலை. ஒருநாள் இயந்திரம் கரும்போடு சேர்த்துச் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் நடுக்கணு வரை இழுத்துக்கொண்டது. எஞ்சிய மூன்று விரல்களால் அவர் மகளின் தலையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் களி உருட்டி ஊட்டுவார். பின்மண்டையில் இரண்டு குட்டை விரல்கள் அழுந்திய இடம் இன்றும் அவருக்குத் தெரியும். 1974இல் திருவிழாவுக்கு முன்பு சந்தேகப் பட்டியல் என்று சொல்லி ஆட்களைப் பிடித்துப்போனார்கள். பதினோராம் நாள் திரும்பி வந்த சின்னப்பன் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. மறு ஆண்டு விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அப்போது கமலம்மாவுக்கு ஏழு வயது கூட நிறையவில்லை.

சனிக்கிழமை காலை விடுதியில் விடுப்புச் சொல்லிவிட்டு, ஆதார் அட்டையை மடியில் முடிந்துகொண்டு அவர் மகனோடு கிளம்பினார். "நாஷ்டா துன்னியாம்மா?" என்று அவன் கேட்டதற்கு, "வந்து துன்னலாம், வண்டிய எடு" என்றார். ஆட்டோவில் நான்கு பயணிகள் ஏறி இறங்குவதற்குள் நாற்பது முறை தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

கலைக்கூடம் ஒரு வணிகக் கட்டடத்தின் முதல் தளத்தில் இருந்தது. நுழைந்ததும் ஒரு கறுப்புத் திரை. அதன் முன்னால் வருகிறவர்கள் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள ஒரு வெற்றுப் பலகை. இரண்டு கல்லூரிப் பெண்கள் அதில் எண் எழுதிப் பிடித்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி நின்றார்கள். "சீரியஸ்காப் பெட்டவே மொகம்!" என்று, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒருத்தி மற்றவளைத் தெலுங்கில் அதட்டிவிட்டு, தானே அடக்கமாட்டாமல் சிரித்தாள். கமலம்மா அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

கண்காட்சிப் பொறுப்பாளர் ஹேமநாத் புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர். வந்தவர் சின்னப்பனின் மகள் என்று தெரிந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அறுபத்து நாலு படம் மாட்டினோம்மா. ஒருத்தர் வீட்டிலிருந்தும் யாரும் வரல. நீங்கதான் முதல். வாங்க, வாங்க."

இரண்டாம் சுவரின் நடுவில் அந்தப் படம் இருந்தது. கைபேசியில் வெட்டுப்பட்ட பகுதி இங்கே முழுதாக இருந்தது. மார்புக்கு நேராக, மூலை உடைந்த ஒரு பலகை. சுண்ணக்கட்டியில் தெலுங்கு எழுத்து. பலகையின் இரு ஓரங்களையும் இரண்டு கைகள் பற்றியிருந்தன. கமலம்மா குனிந்தார். ஒரு பக்கம் நான்கு விரல், கட்டைவிரல் பின்னால். மறுபக்கமும் நான்கு. இன்னொரு முறை எண்ணினார்.

"இது எங்க நைனா இல்ல."

ஹேமநாத்தின் முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே நின்றது. "அம்மா, பேரு, ஊரு, தேதி எல்லாம் பலகையிலேயே இருக்கே. அன்னைக்கு ஸ்டேஷன்ல எழுதினது. நாங்க ஒண்ணும் சேர்க்கல."

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும் சார். எங்க நைனாவுக்கு இந்தக் கையில ரெண்டு வெரலு கெடையாது."

பவன்குமார் தாயின் காதோரம் குனிந்தான். "உனக்கு அப்போ ஆறு வயசும்மா. எந்தக் கையோ, எந்த வெரலோ. பேரு அதேதான், ஊரு அதேதான். ஏதோ ஒரு மூஞ்சி கெடச்சுதில்ல? நாளைக்குப் படையலு. மாட்டிடுவோம்."

"ஏதோ ஒரு மூஞ்சிய மாட்டறதுக்குத் துண்டே மேலுடா."

அவர் அங்கே நிற்கவில்லை. முதல் சுவருக்குத் திரும்பிப் போய் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முகங்களை அவர் பார்க்கவேயில்லை. பலகை ஓரங்களில் தெரிந்த கைகளை மட்டும் பார்த்தார்: உழுத கைகள், தையல்காரரின் ஒல்லியான விரல்கள், விலங்கின் தடம் பதிந்த ஒரு மணிக்கட்டு. மற்ற பார்வையாளர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மூன்றாம் சுவரின் கடைசியில், கதவுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த படத்தின் முன் அவர் நின்றார்.

இந்தப் பலகையிலும் ஒரு மூலை உடைந்திருந்தது. வலது கை அதை அடியில் தாங்கியிருந்தது. இடது கையின் மூன்று விரல்கள் மேல் ஓரத்தைப் பிடித்திருக்க, மீதி இரண்டும் பலகையைத் தொட முடியாமல் குட்டையாக நின்றன.

கமலம்மாவின் கை தானாகப் பின்மண்டைக்குப் போயிற்று. அதற்குப் பிறகே அவர் முகத்தைப் பார்த்தார். ஒடுங்கிய கன்னம், கேமராவை விட்டு விலகி எங்கேயோ பார்க்கும் கண்கள். அந்த முகம் அவருக்கு அந்நியமாகவே இருந்தது. கையைத்தான் தெரிந்தது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். துலுக்காணம், கங்காதர நெல்லூர். கீழே ஒட்டிய அட்டையில்: ஆடு திருட்டு, இருமுறை தண்டனை பெற்றவர்.

"சார், இந்தப் படத்த எனக்குக் குடுங்க."

ஹேமநாத் கெட்ட மனிதர் அல்ல, காகிதத்துக்குக் கட்டுப்பட்டவர். குடும்பத்தாருக்குப் படி ஒன்று இலவசமாகத் தரலாம், ஆனால் பலகையில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தம். கமலம்மாவின் ஆதாரில் தகப்பன் பெயர் சின்னப்பன். அந்த அட்டையைக் காட்டினால் முதல் படத்தைத்தான் தர முடியும். இந்தப் படத்தைத் தர முடியாது.

"அப்ப, எங்க நைனாவோட பொண்ணு நான்னு சொல்ற காயிதமே அவரோட படத்தக் குடுக்காதுன்னு சொல்லுது. அப்படித்தான?"

"பதிவுல ஆதாரம் இருந்தா மாத்தலாம்மா. வெறும் வாய் வார்த்தைக்கு நான் எப்படி..." அவர் தயங்கினார். "இந்தப் படமெல்லாம் கண்ணாடித் தகட்டுல எடுத்தது. எடுத்தவரோட மகள் பிரமிளா மேடம் சித்தூர்ல, கிரீம்ஸ்பேட்டையில இருக்காங்க. அவங்கதான் தகடுகளை இரவல் குடுத்தாங்க. அவரோட நோட்டுகூட ஏதோ இருக்குன்னு சொன்னாங்க. நாங்க அதைக் கேக்கல."

"ஏன் கேக்கல?"

ஹேமநாத் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சித்தூர்ப் பேருந்தில் கமலம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார்; பத்து நிமிடத்தில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். பவன்குமார் தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை என்பது தாய்க்குத் தெரியும். தாத்தா முகத்துக்குக் கீழே இருமுறை தண்டனை என்று எழுதியிருப்பதை அவனும் படித்திருந்தான்.

"குரூப்புல அந்தப் படத்தையும் எவனாச்சும் போட்டா?" என்றான் கண்ணைத் திறக்காமலே.

"போடட்டும். இன்னொருத்தன் பேருலதான போடுவான்."

"அதான்மா எனக்கு எரியுது."

பிரமிளா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கதவைத் திறந்தவர் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு நீளமான கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். அவருடைய தகப்பனார் போலீசுக்கு ஒப்பந்தத்தில் படம் எடுத்தவர். எடுத்த ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் ஊசியால் எண் கீறுவார். அந்த எண்ணுக்கு நேராக நோட்டில், கூப்பிட்ட பெயரையும் நடந்ததையும் தமிழில் ஒரு வரி எழுதி வைப்பார். பிரமிளா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். 1974, செப்டம்பர் பதினெட்டு. அவர் வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தார்.

"ஐந்து. சின்னப்பன். இடக்கையில் இரண்டு விரல் குறை. பலகை நழுவி மூலை உடைந்தது. படம் ஆடிவிட்டது. ஆறு. துலுக்காணம். ஏழு. சின்னப்பன், மறுமுறை. பலகையை அடியில் தாங்கச் சொன்னேன்."

பிரமிளாதான் முதலில் கணக்கைப் போட்டு முடித்தார்.

"ஸ்டேஷன் ரைட்டர் மேசையில உட்கார்ந்துக்கினு, ஒரு படம் முடிஞ்சா பலகைய அழிச்சு, லிஸ்ட்ல அடுத்த பேரை எழுதுவாராம். அப்பா சொல்லியிருக்காரு. உங்க நைனா கையிலிருந்து பலகை விழுந்திருக்கு. கீழ விழுந்ததை கான்ஸ்டபிள் எடுத்து, அழிக்காமலே, வரிசையில நின்ன அடுத்த ஆள் கையில திணிச்சிருக்காரு. அந்தப் படம் முடிஞ்சதும் ரைட்டர் அழிச்சு துலுக்காணம்னு எழுதியிருக்காரு. அதுக்கப்புறம் எங்கப்பா, முந்தினவரைத் திரும்பக் கூப்பிடுன்னு சொல்லியிருப்பாரு."

"ஒருத்தரும் படிச்சுப் பாக்கலியா?" என்றான் பவன்குமார்.

"எங்கப்பாவுக்குத் தெலுங்கு படிக்க வராது. அதுவும் கறுப்புத் துணிக்குள்ள எல்லாம் தலைகீழாத் தெரியும்."

"எங்க நைனாவுக்கு எந்த எழுத்தும் வராது" என்றார் கமலம்மா. "அந்த ஆளுக்கும் வந்திருக்காது. வந்திருந்தா வாயத் தொறந்திருப்பான். ரெண்டு பேரும் ஒருத்தன் பேர ஒருத்தன் தூக்கிப் புடிச்சுக்கினு நின்னுக்கீறாங்க."

சொல்லிவிட்டு அவர் ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "அந்த அஞ்சாவது இன்னா ஆச்சும்மா? ஆடிப்போச்சுன்னு எழுதினாரே, அது?"

பிரமிளா முகத்தைச் சுளித்தார். கெட்ட தகடுகளை அவருடைய தகப்பனார் வெந்நீரில் ஊறவைத்து, படத்தைச் சுரண்டிவிட்டு, வெறும் கண்ணாடியாக்கிச் சட்டங்களுக்குப் போட்டுவிடுவாராம். ஊரில் எத்தனையோ சாமி படங்களின் முன்னால் இருப்பது அப்படிச் சுரண்டிய கண்ணாடிதானாம். சுரண்டாமல் விட்டவை ஒரு பெட்டியில் இருக்கின்றன. கலைக்கூடத்தார் அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பரணிலிருந்து பெட்டியைப் பவன்குமார் இறக்கினான். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய தகடுகள். பிரமிளா ஒவ்வொன்றாக மூலையைப் பார்த்து ஒதுக்க, கமலம்மா முந்தானையைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். ஒன்றில் எண் தேய்ந்திருந்தது. ஒன்று கையில் எடுக்கும்போதே விரிசல் விட்டது. ஏறக்குறைய அடியில், செப்டம்பர் பதினெட்டு என்று எழுதிய காகிதத்துக்குள், ஐந்து.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தெரிந்தன. பவன்குமார் அதைக் கைபேசியில் படம் பிடித்து, நிறத்தைப் புரட்டிப் போட்டான். மூவரும் ஒரே திரையின் மேல் குனிந்தார்கள்.

பலகை படத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு மூலை மட்டும் கோடாகத் தெரிந்தது. அதைப் பிடிக்க முன்னால் பாய்ந்த மனிதரின் இரண்டு கைகளும் விரிந்திருந்தன. குட்டை விரல்கள் தெளிவாக இருந்தன. முகம் அசைந்து இரண்டு முகம்போலப் பதிந்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஐயோ என்றாரோ, சிரித்தாரோ, சொல்ல முடியவில்லை. எண்ணும் பேரும் இல்லாத, யாரும் நிற்கச் சொல்லாத ஒரு கணம் அது.

"முகம் சரியா விழலையே" என்று பிரமிளா வருந்தினார்.

"பரவால்லம்மா. நைனா ஒரு எடத்துல நிக்கமாட்டாருன்னு எங்கம்மா சொல்லும்." கமலம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத்த ஒண்டி குடுங்க. அந்தப் பலகையோட நிக்கற படம் எனக்கு வேணாம்."

அந்தத் தகடு பிரமிளாவின் சொந்தப் பொருள். அதற்கு ஒப்பந்தமும் இல்லை, விதியும் இல்லை. நோட்டுப் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்தார். மாலைக்குள் சித்தூரிலேயே ஒரு கடையில் படம் அச்சாகிச் சட்டத்துக்குள் போயிற்று.

ஞாயிறு காலை ஹேமநாத் நோட்டு நகலை மூன்று முறை படித்தார். பிறகு கணினியில் இரண்டு படங்களின் மூலப் பதிவையும் திறந்து, அச்சில் வெட்டுப்பட்டிருந்த மூலைகளைப் பெரிதாக்கினார். முழு விரல்களுள்ள மனிதரின் மூலையில் ஆறு. மூன்று விரல் மனிதரின் மூலையில் ஏழு.

"தப்பு எங்களோடதும்தாம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "ஓரத்தை வெட்டாம இருந்திருக்கணும். அட்டையை மாத்தக் குழுவுக்கு எழுதறேன். இன்னைக்கே மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா அந்த ரெண்டு படத்தையும் சாயங்காலம் வரைக்கும் சுவத்துல வெக்கமாட்டேன்."

"செரி நைனா. இப்ப உன் விதிப்படியே ஒண்ணு செய்யி. எங்கிட்ட ஆதார் கீது. சின்னப்பன் பேரு போட்ட படத்த எனக்குக் குடு."

ஹேமநாத் நிமிர்ந்து பார்த்தார். "அது உங்க அப்பா இல்லையேம்மா?"

"காயிதம் ஆமான்னுது இல்ல? குடு."

படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் துலுக்காணத்தின் முகத்தை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். படிவத்தில் உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதியிருந்தது. படி இறங்கும்போது பவன்குமார் கேட்டான்: "இத்த வெச்சுக்கினு இன்னா பண்ணப் போறே?"

"கங்காதர நெல்லூருக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

"இன்னைக்கேவா? அந்த ஊட்டுல யாரு கீறாங்க, இல்லையான்னே தெரியாதேம்மா."

"இன்னைக்கு அமாவாச. அவங்களும் ஏதோ ஒரு துண்டு வெச்சுக்கினு இல போட்டாங்கன்னா?"

பதினொன்றரைக்கெல்லாம் வீட்டில் படையல் முடிந்தது. காலி ஆணியில், துண்டுக்குப் பதிலாக, கமலம்மா அந்த ஆடிய படத்தை மாட்டி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். லட்சுமம்மாவின் படம் நேராக முன்னால் பார்க்க, பக்கத்தில் சின்னப்பன் எதையோ பிடிக்கப் பாய்ந்துகொண்டிருந்தார். காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, தன் இலையில் இரண்டு வாய் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மகன் வண்டியைக் கிளப்பினான். பேருந்து நிலையத்தில் அதை நிறுத்திவிட்டு அவனும் பேருந்தில் ஏறினான். நடத்துனரிடம் தனக்கும் சேர்த்து இரண்டு சீட்டு வாங்கினான்.

கங்காதர நெல்லூரில் இறங்கும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கமலம்மா முதலில் அவருடைய கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"இங்க துலுக்காணம்னு ஒருத்தரு இருந்தாரு. அவரு ஊட்டு மனுசங்க யாராச்சும் கீறாங்களா?"

"எந்தத் துலுக்காணம்? இந்தப் பக்கம் அந்தப் பேருல நாலு பேரு."

"பேர வெச்சுத் தேடினா ஆவாது நைனா." அவர் உறையைப் பிரித்து, பலகையில் எழுதியிருந்த தன் தகப்பன் பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, படத்தை நீட்டினார். "மூஞ்சியப் பாரு."

கடைக்காரர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். உள்பக்கம் திரும்பி, "அம்சவேணி, இங்க வா கொஞ்சம்" என்று தன் மனைவியைக் கூப்பிட்டார்.